நீ பாதியில் விட்ட ஊசி

மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்றைக்கு லுக்குட் டவுனில் அந்தச் சீன வைத்தியர் சின்சே ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே, பஞ்சால் காதைத் துடைக்கும்போதே, "ஐயோ அம்மா" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில் சீனக் கிழவி குலுங்கிச் சிரித்தாள். அந்த ஸ்பிரிட் வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

வராமல் என்ன செய்யும்? பட்டாளத்தில் பத்து வருஷம் காட்டில் கிடந்துவிட்டு எஸ்டேட்டுக்கு வந்தாய். லோரி டயர் வெடித்தால் சாக்கடையில் குப்புற விழுவாய். ஒரு மத்தியானம் தேத்தண்ணி கொடுக்க எழுப்பிய என் தங்கச்சியின் கழுத்தைப் பிடித்துவிட்டாய். விரல் பதிந்திருந்தது. "இன்னொரு தடவ இப்படி நடந்தா, புள்ளயத் தூக்கிக்கிட்டு லிங்கிக்கு அம்மாகிட்ட போயிருவேன் அண்ணே" என்றாள். அதற்காகத்தான் உன்னை மோட்டாரில் ஏற்றி அந்தச் சீன வைத்தியரிடம் கொண்டுபோனேன். உன் மேல் பாசத்தால் இல்லை.

காதில் ஐந்து ஊசி குத்தினார். நீ கண்ணை மூடிக் கிடந்தாய். உடம்பில் ஊசி ஏறினால் நமக்குத் தெரிந்தது காவடி ஒன்றுதானே? பையிலிருந்த திருநீற்றை உன் நெற்றியில் அப்பி, "வேல் வேல்!" என்று கத்தினேன். நீ ஊசிகளோடு கட்டிலுக்கடியில் பாய்ந்தாய். "டியாம் லா!" என்று மலாயில் வாயை மூடச் சொல்லி அதட்டி, சின்சே என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

பிறகு சனிக்கிழமைதோறும் நீயே போனாய். நாலைந்து வாரம் கழித்துத் தங்கச்சி ஓடிவந்தாள். "எழுப்பினேன் அண்ணே. கண்ண முழிச்சு, தேத்தண்ணியில சீனி பத்தலன்னாரு!" திட்டு வாங்கியவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

என் வாய் சும்மா இருந்ததா? கள்ளுக்கடையில் நீ பாய்ந்ததை நடித்தே காட்டினேன். "அலகு குத்துனா சாமி வரும். நம்ம சோல்ஜருக்கு சின்சே வந்துட்டாரு லா!" மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். வாசலில் நீ நின்றதை நான் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நீ கிளம்பவில்லை. "போகல மச்சான். ஊரே சிரிக்குது" என்றாய்.

"ஊரா சிரிச்சிச்சு? நான்தானே சிரிச்சேன்?"

"அதான்" என்றாய்.

இரண்டு மாதத்தில் மறுபடியும் அவள் கழுத்தைப் பிடித்தாய். அவள் சொன்னபடி லிங்கிக்குப் போனாள், திரும்பவே இல்லை. துப்பாக்கிக்குப் பயப்படாத ஆள் என் வாய்க்குப் பயந்து ஓடியிருக்கிறாயே, உனக்கெல்லாம் எதற்கடா மீசை? பல வருஷம் தனியாகவே கிடந்து, தனியாகவே போய்ச் சேர்ந்தாய். உன் கருமாதிக்கு வந்த தங்கச்சி என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "நீங்க கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் அண்ணே."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நெஞ்சு படபடக்கிறது. இதற்கும் உன்னைத்தான் திட்டுகிறேன்.

சின்சே கிழவராகிவிட்டார். ஆனாலும் என்னை மறக்கவில்லை. "இன்னைக்கு வேல் வேல் இல்லையா?" என்று மலாயில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஐந்து ஊசியோடு இருபது நிமிஷம் வாயைத் திறக்காமல் கிடந்தேன்.

வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினால், இடது காதில் ஒரு ஊசி மிச்சம் இருந்தது. நானே பிடுங்கப் பயந்து மறுபடி லுக்குட்டுக்குப் போனேன். சின்சே கடை சாத்தியிருந்தது. ஊசியோடு திரும்பி வந்தேன்.