சாம்பலோடு விட்டுவந்த அடுப்பு

அன்பு மகள் இங்வில்லுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், உன் அப்பாவும் சுகமாக இருக்கிறார், அவரைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன். நீயும் சிலியில் அந்த மீன் பண்ணைக் காற்றில் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய கம்பளித் தொப்பி வந்து சேர்ந்தது, அப்பா போட்டுப் பார்த்துவிட்டு காது வரைக்கும் எட்டவில்லை என்று குறை சொன்னார், ஆனால் அன்றைக்கு முழுக்க அதைக் கழற்றவில்லை. ஈஸ்டர் நெருங்கிவிட்டது, வீடெல்லாம் மலைக்குக் கொண்டுபோக வாங்கிய ஆரஞ்சு வாசனையும் பனிச்சறுக்குப் பலகைக்குத் தேய்க்கும் மெழுகு வாசனையும்தான். இந்த வருஷமும் மலைக்குடிலுக்குப் போகிறோம். ஆமாம், அப்பாவும் வருகிறார். நீ வாயைப் பிளப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது, பொறுமையாகப் படி.

போன அக்டோபரில் நடந்ததைப் போனில் உனக்குப் பாதிதான் சொன்னேன், அப்போது பேச்சைவிட அழுகைதான் வந்தது. குளிர்காலத்துக்குக் குடிலை மூடிவிட்டு இறங்கலாம் என்று அப்பா, நான், உன் அண்ணன் யுஸ்டைன், அவன் மனைவி போடில் நான்கு பேரும் போயிருந்தோம். மூட்டையெல்லாம் கட்டி முடித்து அப்பா கடைசியாக அடுப்புச் சாம்பலை வாரிக்கொண்டிருந்தார், வாரிக்கொண்டிருந்தவர் வாளியோடு அப்படியே சாய்ந்துவிட்டார். ஹெலிகாப்டர் வந்ததும் அவரோடு நான் ஏறிக்கொண்டேன். கீழே இருந்த காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வர யுஸ்டைன் சரிவில் ஓடினான். நீ ஓடு, நான் கதவைச் சாத்திவிட்டு வருகிறேன் என்று போடில் அவனை அனுப்பிவிட்டாளாம். அதற்கப்புறம் அவள் எப்படி இறங்கினாள், யார் வண்டியில் வந்தாள் என்று எங்களில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பொழுது சாய்ந்து ஆஸ்பத்திரி நடைபாதையில் வந்து நின்றாள், நகக்கண்ணெல்லாம் கரி. கையைக் கழுவிக்கொண்டு வரக்கூடாதா இந்தப் பெண் என்று நினைத்தேன், அதோடு மறந்தும் போனேன்.

வீட்டுக்கு வந்த அப்பாவை நீ பார்த்திருந்தால் தாங்கியிருக்க மாட்டாய். டாக்டர் தினமும் நட, நடந்தால்தான் இதயம் தேறும், உட்கார்ந்தே இருந்தால் அடுத்த குளிர்காலத்தை நான் உறுதி சொல்லமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். இவரோ ஜன்னலோர நாற்காலியில் மரக்கட்டையாக உட்கார்ந்துவிட்டார். சாப்பிடு என்றால் சாப்பிடுவார், படு என்றால் படுப்பார், நான் திட்டினால்கூடத் திருப்பித் திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் வாய் திறப்பார். அடுப்பு. பனிப்புயல்ல மாட்டிக்கிட்டு எவனாவது கூரைக்குக் கீழ தொங்குற சாவிய எடுத்துக் கதவைத் திறந்தான்னு வை, விறைச்ச கையால ஒரு தீக்குச்சி கிழிச்சா போதும்னு விறகு அடுக்கி இருக்கணும் குன்வோர், நம்ம மலையில எந்த மனுஷனாவது இப்படி சாம்பலும் காலி விறகுப் பெட்டியுமா விட்டுட்டு இறங்குவானா, என் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது என்பார். சாகப் பிழைக்கக் கிடந்த மனுஷனுக்கு வெட்கம் அடுப்பைப் பற்றி. எனக்கு எரிச்சலாக வரும், ஆனால் வெளியில் யாரிடமாவது சொன்னால் அவர்களும் ஆமாம் பாவம் என்று அடுப்புக்காகத்தான் தலையாட்டுகிறார்கள், நம் ஆட்களை என்ன சொல்ல.

இப்போது போடிலைப் பற்றிச் சொல்கிறேன். டென்மார்க்காரி, தோசைக்கல் மாதிரி தட்டையான ஊரில் பிறந்தவள் என்று அப்பா அவளைக் கல்யாணத்தன்றிலிருந்தே சீண்டுவது உனக்குத் தெரியும். ஜனவரியில் வந்திருந்தாள். இவர் வழக்கம்போல அடுப்புப் புராணத்தை ஆரம்பித்து, நாலு பேர் இருந்தோம், கடைசியா இறங்கினவளுக்காவது அடுப்ப அடுக்கத் தோணிச்சா, அவங்க ஊர்ல மாடிப்படி ஏறினாலே மலையேறினதா பேசிக்குவாங்க, அவளுக்கு என்ன தெரியும் என்று அவள் காதுபடவே சொன்னார். அவள் காபியை ஆற்றிக்கொண்டே, எப்போதும்போல அவரைப் பேர் சொல்லியே, ஆமா ஒட்வார், அதனாலதான் எங்க ஊர்ல ஒருத்தரும் மலையில மயங்கி விழறதில்ல, அடுப்பு அசிங்கமாத்தான் கிடக்கும், எனக்குச் சுத்தம் பண்ணத் தெரியாது, தெரிஞ்சவங்க நாற்காலிய விட்டு எழுந்திரிக்கணுமே என்றாள். அப்பா அவளை முறைத்தார் பார், பழைய முறைப்பு. மறுநாள் காலை என் பூட்ஸ் எங்கே என்று கேட்டார். தபால் பெட்டி வரைக்கும் போய் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். அடுத்த வாரம் பாலம் வரைக்கும், பிப்ரவரியில் தேவாலயம் வரைக்கும். போகும்போதும் வரும்போதும் அந்த டென்மார்க்காரியைத் திட்டிக்கொண்டேதான். நான் அடுக்களையில் நின்று சந்தோஷத்தில் அழுதேன்.

போன சனிக்கிழமை பயணத்துக்குத் திட்டம் போட எல்லோரும் கூடினோம். போடில் மேசையில் மலை வரைபடத்தை விரித்து, எங்கெங்கே நின்று இளைப்பாறவேண்டுமோ அங்கெல்லாம் ஒரு காபிக் கோப்பையை வைத்தாள். அப்பா ஒரு கோப்பையை மேலே தள்ளி வைப்பார், அவள் அதைப் பழைய இடத்துக்கே இழுப்பாள். கடைசி மரம் நிற்கும் இடம் வரைக்கும் பக்கத்துவீட்டுத் தார்யெய் தன் பனி ஸ்கூட்டருக்குப் பின்னால் கட்டிய வண்டியில் அப்பாவை ஏற்றிப் போவதாக ஏற்பாடு. இவர் குதித்தார், நாற்பது வருஷமா அந்த வண்டியில உருளைக்கிழங்கு மூட்டை ஏத்தியிருக்கேன், நானே மூட்டையா போகணுமா என்று. மூட்டை வாய் பேசாது, நீங்க வழி பூரா பேசிக்கிட்டே வருவீங்க, பார்க்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியும் என்றாள் போடில். அங்கிருந்து உறைந்த ஏரியின் மேல் சமதரையில் அவரே சறுக்கிப் போகலாம், காற்று பலத்தால் வாதாடாமல் திரும்பிவிடவேண்டும் என்று கையடித்துச் சத்தியம் வாங்கினாள். நான் இத்தனை வருஷத்தில் அவரிடம் ஒரு சத்தியம் வாங்கியதில்லை.

அப்புறம் நானும் அவளும் கொட்டகையில் பலகைகளுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தோம். குடிலில் விறகுப் பெட்டி காலி, அக்டோபரில் அப்பா விழுந்த அன்றைக்குக் காலை காபிக்குக் கடைசிச் சுள்ளியை நான்தான் எரித்தேன், தார்யெய் வண்டியில் ஒரு மூட்டை காய்ந்த விறகும் போட்டுவிடலாம் என்றேன். வேண்டாம், பெட்டி நிறைய இருக்கு என்றாள். சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்கு ஆஸ்பத்திரியில் பார்த்த அந்தக் கரி நகங்கள் கண்ணில் வந்து நின்றன இங்வில். அன்றைக்கு ஹெலிகாப்டர் கிளம்பிப் போன பிறகு, மாமனார் பிழைப்பாரா மாட்டாரா என்று தெரியாத நேரத்தில், அவள் ஒருத்தியாக நின்று சாம்பலை வாரி, விறகு பிளந்து பெட்டியை நிரப்பி, அவர் செய்வதைப் பார்த்து வைத்திருந்தபடியே சட்டென்று தீப்பிடிக்கும் பூர்ச்ச மரப்பட்டையை அடியில் வைத்து அடுப்பை அடுக்கி, மேலே தீப்பெட்டியும் வைத்துவிட்டுத் தனியாக இறங்கியிருக்கிறாள். யுஸ்டைனுக்கே தெரியாது. அடிப்பாவி, குளிர்காலம் முழுக்க அத்தனை பேச்சு வாங்கினாயே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டேன். அவர் வீட்டுக்கு வந்ததும் சொல்லத்தான் நினைச்சேன், ஆனா அடுப்பப் பத்தித் திட்டும்போது மட்டும்தான் அவர் குரல் அவர் குரலா இருந்துச்சு, அதையும் பிடுங்கிட்டா அவர் எதுக்காக எழுந்திரிப்பாரு என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன், என் கை மெழுகெல்லாம் அவள் ஸ்வெட்டரில். நம் குடும்பத்தில் இப்படி ஒரு மனசு வேறு யாருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஒன்று மட்டும் எனக்குப் பயமாக இருந்தது. சரி, அங்கே போய் அடுப்புக் கதவைத் திறந்ததும் எல்லாம் தயாராக இருப்பதைப் பார்ப்பாரே, அப்போது என்ன செய்வாய் என்று கேட்டேன். அதுக்குள்ள அவர் மலை ஏறி அங்க வந்து சேர்ந்திருப்பாரே, அது போதாதா என்றாள், சொல்லிவிட்டு அடுத்த பலகையை எடுத்துக்கொண்டாள்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, படகில் போகும்போது மிதவைச் சட்டை போடாமல் ஏறாதே, எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்யும்போது இதில் ஒரு வார்த்தை வாய் தவறி வந்துவிடக்கூடாது. அவர் அடுப்பைப் பற்றி ஆரம்பித்தால், ஆமாம்பா, ரொம்பக் கேவலம், நீங்கள் போய்த்தான் சரி செய்யவேண்டும் என்று நீயும் சேர்ந்து திட்டு.

அன்புடன் உன் அம்மா,
குன்வோர்