உன் தெருவின் நாற்றம்

உ

கல்லாவி,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை, 1957.

அருமை மகள் ருக்மணிக்கு அப்பா வெங்கடப்பன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நான் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்பதைத் தவிர இங்கே வேறு குறை இல்லை.

நான் எதற்காக ஓசூர் வந்தேன் என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளை காலமான பிறகு ஒரு வருஷம் நம் வீட்டில் இருந்தவள், மறுபடியும் புருஷனோடு இருந்த அதே தெருவுக்குப் போய்த் தனியாகக் குடியிருந்துகொண்டு பட்டுநூல் கொட்டகையில் கூலிக்கு நிற்பது குடும்பத்துக்குக் கேவலம், கையோடு கூட்டி வந்துவிடுங்கள் என்று உன் அண்ணன் சம்பங்கி சொல்லி அனுப்பினான். உன் பெட்டியைக் கட்டக் கயிறுகூடக் கொண்டுவந்திருந்தேன். இருந்த மூன்று நாளும் நீயும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அதனால் மனதில் உள்ளதை இப்போது எழுதிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் தெருவைப் போல ஓர் அசிங்கத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. முதலில் அந்தக் கொட்டகை. பட்டுக்கூட்டை வெந்நீரில் வேகவைத்து நூலை இழுத்த பிறகு, செத்த புழுவையெல்லாம் பின்பக்கம் குவித்து வைத்திருக்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்த நாற்றம் உன் வீட்டுக்குள்தான் வருகிறது. என் வேட்டியை உன் அம்மா இரண்டு தரம் உவர்மண் போட்டு வெளுத்தாள், இன்னும் போகவில்லை. போதாதற்குத் தெரு நடுவில் சாக்கடை, சாக்கடையில் பன்றி. ஒரு பக்கம் பிள்ளைகள் வெளிக்கு உட்கார்ந்திருக்கின்றன, அடுத்த வாசலில் ஒருத்தி அப்பளம் காய வைக்கிறாள்.

குழாயடி அதைவிட மோசம். காலையில் ஒருத்தியைத் தெலுங்கில் கிழிகிழியென்று கிழித்தவள், மத்தியானம் அவளிடமே போய்க் கன்னடத்தில் புளி கேட்கிறாள். மானம் ரோஷம் ஒன்றும் கிடையாது. நீயும் இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு அந்தச் சண்டையைக் கண்கொட்டாமல் பார்க்கிறாய். தண்ணீர் நிறைந்து வழிந்த பிறகும் நகர மனம் வரவில்லை உனக்கு.

சாயங்காலம் நீங்கள் அடிக்கிற கூத்து இருக்கிறதே, அதை இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. ஹோட்டலில் செம்பில் காப்பி வாங்கி வந்து, சாக்கடை ஓரமாகவே நீயும் பூக்கார முனிலட்சுமியும் குந்திக்கொண்டு குடிக்கிறீர்கள். வர்க்கி ரொட்டியைக் காப்பியில் முக்கி, அது ஊறி உடைவதற்குள் வாயில் போட்டுக்கொள்ளப் பறக்கிறாய். அன்றைக்கு அது உடைந்து காப்பிக்குள் விழுந்ததும் யாரோ சிரித்தார்கள். யாருடைய சிரிப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. எழுந்து வந்து பார்த்தால் நீ.

பிறகு பூக்கட்ட உட்கார்ந்தாய். நீ கட்டுகிற பூவைத்தான் அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வாசலில் தகர டப்பாவில் ஒரு ரோஜாச் செடி, அதற்கு மீன் கழுவின தண்ணீர். அந்த நாற்றத்துக்கு நடுவில் மூக்கை நுழைத்து நீ பூவை மோந்து பார்த்தாய், சீ. டென்ட் சினிமாக் கொட்டகையில் ரெக்கார்டு போட்டதும் அரிசி களைந்த கையோடு அப்படியே நின்றுவிட்டாய். பழைய இரும்பைத் தேய்ப்பது போல ஒரு பாட்டு. அது முடியும் வரை சோறு உலையேறவில்லை, நான் பசியோடு உட்கார்ந்திருந்தேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆகாதது ஒன்று உண்டு. எழுதக் கை கூசுகிறது. விடியற்காலையில் நீ வாசல் தெளிக்கும்போது, லாரி ஓட்டுகிற ஆஞ்சப்பன் உனக்கு நேர் எதிரே வந்து, வரேன்க்கா என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புகிறான். கலியாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் உன்னிடமே நின்று வழி கேட்டுவிட்டுப் போனார்கள். புருஷன் இல்லாதவள் எதிரே வந்தால் திரும்பிப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பவேண்டும் என்றுகூடத் தெரியாத ஜனம். சகுனம் பார்க்காத இது என்ன ஊர் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் புறப்பட்ட அன்று முதல் பஸ்ஸுக்கு எழுந்தேன். நீ வெந்நீர் வைத்துக் கொடுத்தாய். புளிச்சோறு கட்டினாய். எல்லாம் செய்துவிட்டு, நான் குடையையும் பையையும் கையில் எடுத்ததும் உன்னைக் காணோம். சோற்றுப் பொட்டலத்தை முனிலட்சுமிதான் கொண்டுவந்து நீட்டினாள். அவள் உள்ளே பார்த்து, "பெத்த அப்பன் ஊருக்குக் கெளம்பறாரு, நீ என்னாத்துக்குக் கதவு மூலையில பூந்துக்கின, வெளிய வா" என்று சத்தம் போட்டாள். நீ வரவில்லை. அப்பா நல்லபடியாக ஊர் போய்ச் சேரட்டும் அக்கா என்று நீ மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. நானும் உன்னைக் கூப்பிடவில்லை. வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

தெருவெல்லாம் எதிரே வந்து நிற்கிறவள், என் ஒருவனுக்கு மட்டும் மறைந்துகொண்டாய். சூளகிரி தாண்டும் வரை எனக்கு அது உறைக்கவில்லை. குருபரப்பள்ளியில் டீக்கு நிறுத்தினார்கள். பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு பிடிகூட இறங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். வாடை பிடிக்கவில்லை என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் காலை நம் வீட்டில் நடந்ததைக் கேள். சம்பங்கி ஊத்தங்கரைச் சந்தைக்குக் கிளம்பினான். கிளம்புமுன் உன் அண்ணி தெருவை எட்டிப் பார்த்தாள். களை எடுக்க வந்த செல்லி வாசலில் நின்றிருந்தாள். அவள் புருஷன் ராமப்பன் போன ஆடியில் செத்தது உனக்குத் தெரியுமே. உன் அண்ணி கையை வீசி, "ஏ செல்லி, அவரு கெளம்பறாரு, அந்தாண்ட வைக்கோல்போருக்குப் பின்னால போ" என்றாள். உன் அண்ணி சொல்லி முடிக்கும் முன்பே செல்லி போய் மறைந்துகொண்டாள்.

இந்த வீட்டில் நீ இருந்த வருஷம் முழுவதும் அது உனக்கும் நடந்தது. நான் நடையிறங்கும்போதெல்லாம் முற்றம் காலியாக இருக்கும். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு போவேன். செல்லி மறைந்ததைப் பார்த்ததும் கையில் இருந்த கூழ்ச் சட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். உன் தெருவின் புழு நாற்றத்தில் மூன்று நாள் சாப்பிட்டவன் நான், என் வீட்டு வாசலில் என்னால் ஒரு வாய் குடிக்க முடியவில்லை. உன் அண்ணியைத் திட்டினேன். செல்லியைக் கூப்பிட்டு முன்னால் நிற்கச் சொன்னேன். அவள் பயந்துபோய் வயலுக்கு ஓடிவிட்டாள். சம்பங்கி, எங்கப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். சொல்லட்டும்.

ருக்மணி வரமாட்டாள், இனி அவளைக் கூட்டி வரும் பேச்சே இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவன் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. உன் அம்மா, பிள்ளை வயிறாரச் சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேட்டாள். நன்றாகவே சாப்பிடுகிறாள் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

உன் தெரு எனக்குப் பிடித்துப்போய்விட்டது என்று எண்ணிக்கொள்ளாதே. இப்போது நினைத்தாலும் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. பன்றியைப் பற்றிப் பஞ்சாயத்தில் நாலு பேராகச் சேர்ந்து சொல்லுங்கள். கொட்டகையில் வெந்நீரில் கைவிட்டு விரலெல்லாம் வெந்திருக்கிறது உனக்கு. ராத்திரி விளக்கெண்ணெய் தடவு. கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை, ஆஞ்சப்பனிடம் சொல்லி வேறு போடச் சொல்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், முடியாது என்று சொல்லாதே. சித்திரையில் உன் அம்மாவை அழைத்துக்கொண்டு வருவேன். ஊருக்குத் திரும்பும் அன்று நான் பையை எடுத்ததும் நீ உள்ளே போகக்கூடாது. தெருவில் இறங்கி எனக்கு எதிரே வந்து நிற்கவேண்டும். உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன். நீ வராவிட்டால் எந்த பஸ் போனாலும் போகட்டும், நான் கிளம்பமாட்டேன்.

நீ தீர்க்காயுசாக இருக்கவேண்டும், மகளே.

இப்படிக்கு,
உன் அப்பா
வெங்கடப்பன்