பத்து நாள் பயிற்சியும் அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளும்

என் பிரியமுள்ள தெய்வானை அக்கா,

உன்னோடு பேசி எத்தனை காலமாகிவிட்டது! நீ இருந்தபோது உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் நீ படித்திருக்க மாட்டாய். காஜா பெராங்கில், தலைமுறைகளாக மலாய்க்காரரோடு கலந்து வாழும் உங்கள் செட்டி வீடுகளில் பேச்செல்லாம் மலாய்தான். அக்கா, தம்பி என்று ஒரு சில தமிழ்ச் சொற்கள்தான் மிச்சம். ஆனால் மனசில் கிடப்பதைச் சொல்ல எனக்கு இந்த பாஷைதான் வருகிறது. பொறுத்துக்கொள்.

ஜப்பான்காரன் காலத்தில் நாம் ஒன்பது பெண்கள் ஆஸ்பத்திரியில் பிரசவப் பயிற்சிக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? டாக்டர்கள் குறைந்துபோனார்கள், மருந்து இல்லை, வீட்டிலேயே பிள்ளை பெறட்டும் என்று நம்மைத் தயார் செய்தார்கள். பத்தாம் நாள் சிவப்பு முத்திரை குத்திய காகிதம் ஒன்று கொடுத்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். நீ மட்டும் எழுந்து, "டாக்டர், பதினோராம் நாள் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?" என்றாய்.

டாக்டர் நல்ல மனிதர். பாவம், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வார்டுக்குப் போய்விட்டார்.

வெளியே கேட்டருகில் நீயே பதில் சொன்னாய். "வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் என் வீட்டுக்கு வாங்க. மரவள்ளிக் கிழங்கும் கத்தியும் கொண்டு வாங்க. கை உரிக்கட்டும், வாய் பேசட்டும்." கூட்டம் கூடினால் சந்தேகப்படுகிற காலம். கிழங்கு உரிக்கும் பெண்களை யார் என்ன கேட்பார்கள்?

கேட்கத்தான் கேட்டார்கள். இரண்டாம் வாரமே ஒரு போலீஸ்காரர் வாசலில் வந்து நின்றார். நாங்கள் எட்டுப் பேரும் எழுந்து நின்றோம். நீ கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"உங்க வீட்டில் எத்தனை மாசம்?" என்றாய்.

அவர் திகைத்தார். "ஏழு. உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. கேட்டுப் பார்த்தேன். கால் வீங்கியிருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டி வாங்க."

கூட்டி வந்தார்! அதற்குப் பிறகு நம்மை யாரும் தொந்தரவு செய்யவில்லை. அந்தத் துணிச்சல் உனக்கு எங்கிருந்து வந்தது அக்கா? நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

உன் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். அந்த வாரம் எது சரியாக வரவில்லையோ அதை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லாரும் குனிந்து கிழங்கை மட்டும் உரித்தோம். நீதான் ஆரம்பித்தாய்: கத்தரிக்கோலைக் கொதிக்கவைக்க மறந்து, பாதி வழியில் ஞாபகம் வந்து, தொப்புள் கொடியோடு அப்படியே குழந்தையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கொதிக்கும்வரை காத்திருந்த கதை. எல்லாரும் சிரித்தோம். அதற்குப் பிறகு கதீஜா சொன்னாள். பிறகு மற்றவர்கள்.

நான் மட்டும் மாசக்கணக்கில் நழுவிக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் தெங்கேராவில் அந்தப் பிரசவம் வந்தது.

காலை எட்டு மணிக்குக் குழந்தை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. நான் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் பாயெல்லாம் ரத்தம். பத்து நாளும் படித்தது ஒன்றுகூட நினைவில் இல்லை. துணியை மேலே மேலே வைத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் உன்னைத் தேடி ஓடினாள். டியூப் கிடைக்காமல் ரப்பர் குழாய் சுற்றிய அந்தச் சைக்கிளில் தடதடவென்று வந்தாய். என்னைத் திட்டவில்லை. என் கையைப் பிடித்து அந்தத் தாயின் அடிவயிற்றில் வைத்து, "தேய். கர்ப்பப்பை கெட்டியாகிறவரைக்கும் விடாதே" என்றாய். குழந்தையை எடுத்து அவள் மார்பில் போட்டாய். என் கைக்குக் கீழே கர்ப்பப்பை மெல்ல மெல்லக் கல் மாதிரி ஆனது. ரத்தம் நின்றது. அவள் பிழைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் வரவில்லை. வெட்கம். நீ என் வீட்டுக்கே வந்தாய்.

"நான் இனிமேல் பிரசவம் பார்க்கப் போவதில்லை அக்கா" என்றேன்.

"தாக் அப்பா" என்றாய் மலாயில். "பரவாயில்லை, போகாதே. ஆனால் நடந்ததை அவர்களிடம் ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்து."

சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நீ ஒரு தலையணையைக் கொண்டுவந்து எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று எட்டுப் பேரையும் செய்யவைத்தாய். ஒரு மாசம் கழித்து கதீஜா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் பார்த்த பிரசவத்தில் அதே மாதிரி ரத்தப்போக்கு. "உன் முகம்தான் கண்ணில் வந்தது ராஜம்மா. கை தானாகப் போயிடுச்சு" என்றாள். நான் பிரசவம் பார்ப்பதை நிறுத்தவில்லை.

இனி நான் எங்கும் சொல்லாத ஒன்று.

ஒரு புதன்கிழமை சந்தையில் உன்னைப் பார்த்தேன். உன் கை லேசாக நடுங்கியது. "அசதிதான் அக்கா, போய்ப் படு" என்றேன். ஊரார் வயிற்றையெல்லாம் தொட்டுப் பார்க்கிறவள் நான், உன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மலேரியா உன்னைக் கொண்டுபோய்விட்டது. அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தால் டாக்டரிடம் கொயினா நாலு மாத்திரையாவது இருந்திருக்குமோ? இல்லாமலும் போயிருக்கலாம். யாருக்குத் தெரியும்?

அடுத்த வெள்ளிக்கிழமை வருவதா வேண்டாமா என்று தயங்கித்தான் வந்தோம். உன் அம்மா பாயை விரித்து வைத்துக் காத்திருந்தார். எட்டுப் பேரும் உட்கார்ந்தோம். ஜப்பான்காரன் போன பிறகும் பல வருஷம் உட்கார்ந்தோம். ஆனால் அந்தப் புதன்கிழமையை மட்டும் நான் எந்த வெள்ளிக்கிழமையிலும் சொல்லவில்லை.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. போன மாசம் ஆயர் குரோவில் ஒரு பெரிய ஹோட்டலில் தாதிகளுக்கு மூன்று நாள் பயிற்சி. பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு மாலை போட்டார்கள். ஏசி குளிர் தாங்கவில்லை, சாப்பாடு பிரமாதம். கடைசியில் சான்றிதழ், போட்டோ. என்னை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "அடுத்த வாரம் நீங்களெல்லாம் எங்கே சந்திப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

நேற்று அந்தப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் போன் செய்தாள். கிளினிக் முடிந்ததும் ஐந்து பேர் சந்திக்கிறார்களாம். "பாட்டி, வர்றோம், ஆனா யாரும் மனசு விட்டுப் பேச மாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு தடவை வாங்களேன்" என்றாள். அவர்கள் பேசாததில் என்ன ஆச்சரியம்? நானே இத்தனை வருஷம் பேசவில்லையே.

வருகிற வெள்ளிக்கிழமை போகிறேன் அக்கா. அந்தப் புதன்கிழமையை, எதையும் மறைக்காமல், அந்தப் பெண்களிடம் நானே முதலில் சொல்லப்போகிறேன். அழாமல் சொல்வேனா தெரியாது. சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறக்காத தங்கை,
ராஜம்மா