டீச்சர் தொட்ட பாவு

டீச்சர், இன்று காலை தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டிருந்தார்கள். அந்தப் புளித்த வாடை ஜன்னல் வழியாக வந்ததும் உங்களை விசாரித்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

பியூரிட்டன்கள் கதையை ஸ்டாஃப் ரூமில் எனக்குச் சொன்னது நீங்கள்தான். நீங்கள் வரலாறு, நான் தமிழ். அமெரிக்கா காலனியாக இருந்த காலத்தில், கடவுளுக்கு மிகவும் பயந்த ஓர் ஊர், பக்கத்து வீட்டுப் பெண்களைச் சூனியக்காரிகள் என்று தூக்கில் போட்ட கதை. வலிப்பில் துடிப்பவளைக் குற்றம் சாட்டப்பட்டவள் தொட வேண்டும். துடிப்பு நின்றால் சூனியம் நிரூபணம்.

"நிக்கலன்னா?" என்று கேட்டேன்.

"அதுக்கும் ஏதாவது வெச்சிருப்பாங்க சார்" என்றபடி டிபன் பாக்ஸைத் திறந்தீர்கள்.

உங்களை விசாரித்த அந்தச் சித்திரையில் உங்கள் வாசலுக்கு நேராகவே பாவு அறுந்துகொண்டிருந்தது. வறட்டு வெயிலில் பட்டு இழை அறுவது ஆரணிக்குப் புதிதல்ல. ஆனால் வெயிலைக் கோயிலுக்கு வரவழைத்து விசாரிக்க முடியாது. தனியாக இருக்கும் விதவையை முடியும்.

"ஒரே ஆளு. எதுக்கும்மா இத்தன எலுமிச்சம்பழம் வாங்கிகினு போற?" என்றார் நாட்டாண்மைக்காரர்.

"ஊறுகாய்க்குங்க."

ஜாடி வந்தது. யாரும் கிட்டே போகவில்லை. நான் ஒரு துண்டு எடுத்துத் தின்றேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

"சாருக்கு ஏற்கெனவே மருந்து வெச்சிட்டா" என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

மறுநாள் காலை, நீட்டிய பாவைத் தொடச் சொன்னார்கள். உள்ளங்கையை வைத்தீர்கள். ஓர் இழைகூட அறவில்லை. பிழைத்தீர்கள் என்று நினைத்தேன்.

"பாத்தீங்களா, போட்ட கட்ட அவளே அவுத்துட்டா" என்றார் நாட்டாண்மை.

அப்போது நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஆச்சரியமே இல்லை, டீச்சர். அதுதான் இன்னும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

கற்பூரத்தின் முன் 'நான்தான் செய்தேன்' என்றால் மன்னிப்பு. இல்லையென்றால் தெருவைக் காலி செய்ய வேண்டும். கருணையான தீர்ப்பு என்று தெருவே சொன்னது. நான் உங்கள் வீட்டுக்கு ஓடிவந்தேன்.

"சொல்லித் தொலைங்க டீச்சர். ஒத்துகினவங்க பொழச்சாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"பொழச்சாங்க. கூட யாரு யாருன்னு பேரு கேட்டாங்க. அதையும்தான் சொன்னேன்."

இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு தேவிகாபுரம் பஸ் ஏறினீர்கள். போன தையில் அங்கேயே காலமானீர்கள்.

செய்தி வந்த வாரமே பூட்டிய உங்கள் கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். "கோச்சிக்காத தாயே" என்று கற்பூரம் காட்டியவர் அதே நாட்டாண்மை. உயிரோடு இருந்தவரை நீங்கள் சூனியக்காரி, இப்போது தெய்வம்; இடையில் மனுஷியாக இருக்க மட்டும் யாரும் விடவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் உள்ளே யாரோ அட்டெண்டன்ஸ் எடுப்பது கேட்கிறதாம். எனக்குக் கேட்பதில்லை என்று எழுதத்தான் ஆசை.

பூசைக்குப் பிறகும் பாவு அறுகிறது. நேற்று நாட்டாண்மை என் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சரம்மா சாந்தமாயிட்டாங்க சார். இது வேற யாரோ. கோடி வீட்டுக்குக் கலசப்பாக்கத்துலேர்ந்து ஒரு அம்மா குடி வந்துகிதே, தனியா... உங்களுக்கு யாரு மேல டவுட்டு? ஒரு பேரு சொல்லுங்க, போதும்."

என் பெயரைச் சொன்னேன், டீச்சர்.