மழை வந்தால் கண் மூடும் கேமரா

ஆம்பூர்
14.11.2009

அன்பு மகள் கெசியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் தம்பியும் இங்கே சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை விட்டுத் தள்ளு. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை ஜெஃப்ரியும் பேத்தி ஃபீபியும் சுகம் என்று போனில் உன் வாயால் கேட்டேன், ஆனாலும் உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால்தான் என் மனசு நம்பும். போன் இருக்கும்போது எதற்கு லெட்டர் என்று கேட்பாய். நான் சொல்லப்போகிற சேதியைப் போனில் கத்திச் சொன்னால் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்கும். அந்தப்பக்கம் எவள் இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். கோவிந்தம்மாள். உன்னைப் பெண் பார்க்கக் குடியாத்தத்துக்காரர்கள் வந்த அன்று, கிளிப்பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்று, பொண்ணு நர்சு, ராத்திரியில வீடு தங்கமாட்டா என்று சொல்லி அந்தச் சம்பந்தத்தைக் கெடுத்தவள். அந்தப் பையன் பிறகு கடை வைத்துக் கடை வைத்து மூடினான், உனக்கு அவனைவிட நல்ல மாப்பிள்ளை கிடைத்தார், அது வேறு விஷயம். அன்றிலிருந்து அவளோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை, நீ ஊருக்கு வந்தபோது அவளைப் பார்த்துச் சிரித்ததையும் நான் மறக்கவில்லை.

தம்பி நத்தானியேல் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கேமரா மாட்டுகிற தொழில் ஆரம்பித்தான் என்று சொன்னேன் அல்லவா, முதல் பெரிய வேலை பைபாஸ் பக்கத்தில் தோல் பதனிடுகிற ஷாப்பில்தான் கிடைத்தது, உங்கப்பா வேலை செய்த அதே ஷாப். மேனேஜரும் அதே ராமமூர்த்திதான். உங்கப்பா கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டபோது, உங்க சாமி இன்னாய்யா வருஷா வருஷம் பொறக்குறாரு என்று கேட்ட மனுஷன். தலை நரைத்துவிட்டது, வாய் நரைக்கவில்லை. முதலில் தோல் காயப்போடுகிற பெரிய ஹாலில் மட்டும் மாட்டு, அது ஒழுங்காக ஓடினால் மற்ற ஷெட்டெல்லாம் உனக்கு, இல்லாவிட்டால் மெட்ராஸ் கம்பெனிக்காரனுக்கு என்று சொல்லிவிட்டார். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் வந்து பார்க்கப்போகிறார்களாம், அதற்குள் கேமரா எல்லாம் ஓட வேண்டும். இந்த வேலை கைவிட்டுப் போனால் தம்பி பழையபடி வாணியம்பாடியில் அந்தக் கடைக்காரனிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

அந்தக் கேமராவுக்குத் தனியாகக் கரண்ட் லைன் கிடையாதாம் கெசியா. ஒரே நீல வயரில் கரண்டும் போகுமாம், படமும் வருமாம். எனக்கு நம்பிக்கையில்லை, ஆனால் வீட்டில் மாட்டிக் காட்டினான், கேமராவில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது, என் மூஞ்சி டிவி டப்பாவில் தெரிந்தது, அசிங்கமாகத்தான் தெரிந்தது. ஷாப்பில் மாட்டியதும் நன்றாகத்தான் ஓடியது. மழை பிடித்தது, ஹாலின் கோடியில் இருக்கிற கேமரா செத்துப்போனது. மழை விட்டு இவன் ஏணியோடு போனால் அது எரிகிறது. மறுபடி மழை, மறுபடி சாவு. கேமராவை மாற்றிப் பார்த்தான், புதுசும் செத்தது. வயர் வந்து சேருகிற பெட்டியில் வேறு ஓட்டையில் சொருகிப் பார்த்தான், பலனில்லை. கேமராவைக் கழற்றிப் பெட்டி பக்கத்திலேயே குட்டை வயரில் மாட்டினால் நாள் முழுக்க எரிகிறது, அப்படியென்றால் குற்றம் நீள வயரில்தான் என்று சொல்லி அதன் முனையை வெட்டி, கேமராவில் சொருகுகிற கிளிப்பைப் புதுசாக அடித்தான். வயர் சோதிக்கிற டப்பா ஒன்று வைத்திருக்கிறான், அதில் எட்டு விளக்கும் பச்சையாக எரிந்ததாம். தண்ணீர்தான் இறங்குகிறது என்று பாலிதீன் சுற்றினான், பசை பூசினான், என்னுடைய நல்ல பிளாஸ்டிக் பையையும் கிழித்துக் கட்டினான், அதை நான் கேட்கவில்லை. அப்படியும் மழை வந்தால் அது கண்ணை மூடிக்கொள்கிறது. ராமமூர்த்தி எல்லார் எதிரிலும், டுப்ளிகேட் மால் கொண்டாந்து மாட்டிட்டியாடா என்று கேட்டாராம். அதோடு விடாமல் வேலைக்காரப் பெண்களைப் பார்த்து, எவளாவது வயர்ல கை வெச்சது தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன் என்றும் மிரட்டினாராம். பிள்ளை சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனான்.

இப்போது கேள். போன வாரம் செவ்வாய்க்கிழமை தெருக்குழாயில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நம் தெரு ஜஹீதா, அவளுக்குப் பின்னால் கோவிந்தம்மாள், தன் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளும் அதே ஹாலில்தான் தோல் காயப்போடுகிறாள். திடீரென்று ஆட்டைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். ஏண்டி லட்சுமி, மழை வந்தா வெளியில காயுற தோலெல்லாம் உள்ள வருது, கயிறு பத்தல, அந்த நீலக் கயித்து மேலயும் கொம்பால தூக்கிப் போடுறோம், நாலு தோலு போட்டதும் மூலையில சேப்பு லைட்டு அணைஞ்சுடுது, எடுத்தா எரியுது, நேத்துதான் நான் பாத்தேன், ஏணி வரப்ப மட்டும் மேனேஜரு எல்லாத் தோலையும் எடுக்கச் சொல்லிடுறாரு, இதெல்லாம் வயரு கட்டுனவங்களுக்குத் தெரியுமா தெரியாதாடி என்று கேட்டாள். அவளிடம் நான் பேசமுடியுமா, குடத்தைப் பார்த்துச் சொன்னேன், ஏ குடமே, தெரிஞ்சவங்க நேரா அந்த மேனேஜர்கிட்ட சொல்றதுதானே என்று. அவள் ஆட்டிடம், சொன்னா நாளைக்கு நீயாடி எனக்குக் கஞ்சி ஊத்துவ என்றாள். நான் குடத்திடம், பேர் வெளிய வராதுன்னு சொல்லு என்றேன். நடுவில் நின்ற ஜஹீதா, குடமும் ஆடும் நல்லா தோஸ்தாயிட்டீங்க, நாங்க கொஞ்சம் தண்ணி புடிச்சுக்கலாமா என்று கேட்டாள், வரிசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். இன்னாம்மா சொல்ற, நான் போறப்ப வயர் மேல ஒண்ணுமே இல்லியே என்றான். நீ வருகிறாய் என்றால் ஏணி போட இடம் வேண்டுமென்று ராமமூர்த்தி தோலையெல்லாம் எடுக்கச் சொல்லி ஹாலையே காலி பண்ணி வைக்கிறாரே, எப்படித் தெரியும் என்றேன். யார் சொன்னது என்று கேட்டான். ஆடு என்றேன். காய்ச்சலா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். ஆனாலும் போய், ராமமூர்த்தி எதிரிலேயே தன் ஈர மழைக்கோட்டையும் பையையும் வயர் மேல் தொங்கவிட்டிருக்கிறான், சிவப்பு விளக்கு அணைந்தது, எடுத்தான், எரிந்தது. மேற்கூரை பழைய ஷீட், ஆணி அடித்தால் உடையும் என்று இவன் தூணுக்குத் தூண் வயரை இழுத்து விறைப்பாகக் கட்டியிருந்தான், பக்கத்திலேயே தோல் போடுகிற கயிறுகளும் அதே உயரத்தில். பாரம் ஏறினால் வயர் தொய்ந்து முனையில் கிளிப்பை இழுக்கிறது, உள்ளே கம்பி விலகிக் கரண்ட் நிற்கிறது, பாரம் போனால் பழையபடி சேர்ந்துகொள்கிறது. மழைத் தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ராமமூர்த்தி உடனே, எவ போட்டா, பேர சொல்லு என்று குதித்தாராம். கெசியா, உண்மையைச் சொல்கிறேன், தம்பி அவள் பேரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வானோ என்று எனக்குக் குழாயடியிலிருந்தே பயம்தான், ஆடு என்று சொன்னாலும் அவனுக்கு ஆட்டுக்காரி யாரென்று தெரியாதா. என் பிள்ளை, கயிறு மாதிரி கட்னது நான் சார், தோல் ஷாப்புல கயிறு இருந்தா தோல் போடத்தான் செய்வாங்க, தப்பு என்னுது என்று சொல்லியிருக்கிறான். அப்படிச் சொன்னதற்கு அவன் வேலை அந்த நிமிஷமே போயிருக்கும். ராமமூர்த்தி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்ப சரி பண்ணிக் குடு என்று மட்டும் சொன்னாராம். வயரைச் சுவரோரமாக பைப்புக்குள் விட்டு இறக்கினான், கிளிப்பை மாற்றினான், தோல் போடக் கயிறு பத்தாததால் இரண்டு நைலான் கயிறும் இவனே கட்டிக் கொடுத்தான். வெளிநாட்டுக்காரர்கள் வந்த அன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது, ஹால் முழுக்கத் தோல், கேமரா ஒன்றும் அணையவில்லை. மற்ற ஷெட்டும் நீயே பாரு, ஆனா எங்கியும் வயர கொடி மாதிரி கட்டாதே என்று ராமமூர்த்தி சொல்லிவிட்டார். அதற்காகக் கிறிஸ்துமஸ் பேச்சை நான் மன்னித்தேன் என்று நினைக்காதே.

நேற்று தம்பி அந்தக் கேமராப் படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். கோடிக் கயிற்றில் தோல் போடுகிற அம்மா ஒருத்தி ஒவ்வொரு தோலைத் தூக்கிப் போட்டதும் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறாள், அப்புறம்தான் அடுத்ததை எடுக்கிறாள் என்றான். யாரென்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீ நைட் டியூட்டிக்குப் போகுமுன் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போ, வெறும் டீயில் ஓட்டாதே. ஃபீபிக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவு, போட்டோவில் காக்காய்க் கூடு மாதிரி இருக்கிறது. மாப்பிள்ளைக்கு என் ஸ்தோத்திரம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக, பேத்திக்கு ஆயா நூறு முத்தம் கொடுத்தாள் என்று சொல்.

மறக்காதே, லீவுக்கு வரும்போது வலித் தைலம் எனக்கு ஒரு பாட்டில் கொண்டுவருவாய் அல்லவா, இந்தத் தடவை இரண்டாகக் கொண்டுவா. இன்னொன்று யாருக்கு என்று போனில் கேட்டுத் தொலைக்காதே. பக்கத்து வீட்டு ஆட்டுக்குத் தோள் வலி.

இப்படிக்கு,
உன் அம்மா
அன்னம்மாள்