முன்சக்கரத்து டியூப்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது, இருமல் நின்றதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நான் நன்றாக இருக்கிறேன், அம்மாவும் தேறி வருகிறாள் என்றுதான் எப்போதும் எழுதுவேன், இந்தத் தடவை அதோடு நிறுத்த முடியவில்லை. போனில் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன், உன் இருமலைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் காகிதம்.

அம்மாவுக்கு மாவுக்கட்டு பிரித்து இன்றோடு ஒன்பது நாள். மணிக்கட்டு வீக்கம் வற்றிவிட்டது, விரல்களில் மட்டும் பிடிப்பு வரவில்லை. கட்டுப் பிரித்த அன்றே தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்து, பாதியில் விட்டிருந்த துணியை விரித்து, கத்தரிக்கோலை எடுத்தாள். கையில் நிற்காமல் விழுந்தது. குனிந்து எடுத்தாள், மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை அவள் எடுக்கவில்லை. அங்கே நிற்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

கண்ணு, கடையில் சரியாக மாட்டாததால்தான் அம்மாவின் சைக்கிள் டியூப் வெடித்தது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். மாட்டியது நான். புது டயர் வாங்க முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போனேன். நாம் காத்துக்காரர் என்று கூப்பிடுவோமே, அந்த சைக்கிள் கடைக்காரரிடம் எனக்கு முன்னால் நாலு வண்டி நின்றது. உட்காருங்க சார், நானே மாட்டித் தர்றேன் என்றார். பத்து நிமிஷ வேலைக்கு இங்கே தவம் கிடப்பானேன் என்று வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அப்பா ஒன்றை ரிப்பேர் செய்தால் அந்த ரிப்பேரை ரிப்பேர் செய்ய இன்னொரு ஆள் வேண்டும் என்று நீ கேலி செய்வாய். அன்று வீட்டில் யாரும் இல்லை, கேலி செய்யவும் ஆள் இல்லை. டியூபில் கொஞ்சம் காற்று விட்டு லேசாக உப்பியபின் உள்ளே வைக்க வேண்டுமாம், நான் சப்பையாகவே திணித்தேன். டயரின் ஒரு விளிம்பு ரிம்முக்குள் போய்விட்டது, மறு விளிம்பு கடைசி ஒரு சாண் ஏறவே இல்லை. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினேன், டக்கென்று ஏறியது. ஓரிடத்தில் டியூப் விளிம்புக்கடியில் மாட்டிக்கொண்டு லேசாக எட்டிப் பார்த்ததைக் கண்டேன். கண்டேன் என்றுதான் எழுத வேண்டும். காற்றடித்தேன், நின்றது, போதும் என்று விட்டேன். இரண்டாம் நாள் காலை தண்ணீர்த் தொட்டி இறக்கத்தில் அது வெடித்து, அம்மா விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்டபோது, கடையில் மாட்டியது என்று வாயில் வந்துவிட்டது. அதை நம்பித்தான் நீ காத்துக்காரரைப் போனில் அப்படித் திட்டினாய். முப்பது வருஷம் வகுப்பில், யார் செய்தது எழுந்து நில் என்று பிள்ளைகளை மிரட்டிய வாத்தியார் நான்.

கத்தரிக்கோல் விழுந்ததற்கு மறுநாள் கடைக்குப் போய் அவரிடம் சொன்னேன். அவர் ஒரு டப்பாவிலிருந்து அந்த டியூபை எடுத்துக் காட்டினார். பிதுங்கிக் கிழிந்த இடம், பக்கத்திலேயே ஸ்க்ரூடிரைவர் கடித்த தழும்பு. வண்டியைத் தூக்கிட்டு வந்த அன்னிக்கே பார்த்துட்டேன் சார் என்றார். பின்னே ஏன் என் மகளிடம் சொல்லவில்லை என்றேன். அம்மா கையொடிஞ்சு படுத்திருக்காங்க, அந்த நேரத்துல உங்க வீட்டுக்குள்ள சண்டை மூட்டி விடணுமா, பாப்பா கோபத்துல நாலு வார்த்தை பேசிடுச்சு, நான் வாங்கிக்கிட்டேன் என்றார். அதன்பிறகு அவர் கடைக்கு வருகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள், கண்ணு. நான் சொன்ன பொய் தெருவெல்லாம் சுற்றியிருக்கிறது.

சக்கரத்தை என் முன்னால் வைத்து, இப்ப மாட்டுங்க, கையாலயே என்றார். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி இரண்டு கட்டைவிரலாலும் விளிம்பை அமுக்கிக்கொண்டே வந்து வால்வு பக்கம் முடித்தேன். வால்வை உள்ளே ஒரு தள்ளு தள்ளி, டியூப் எங்காவது மாட்டியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் டயரைப் பிதுக்கிச் சுற்றிப் பார்த்தேன். விரல் தோல் உரிந்தது. மொத்தம் இருபது நிமிஷம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் கிடந்த துணியை நல்ல கையாலேயே மடித்து வைத்தாள். பிறகு, கை போனா போகுதுங்க, அந்த மனுஷன் பழியைச் சுமந்துக்கிட்டு நிக்கறப்ப அந்தக் கடை வழியா தினமும் எப்படிப் போயிட்டு வந்தீங்க என்று கேட்டாள். முதல்ல அவளுக்கு எழுதுங்க என்றாள். அதற்குப்பின் என்னிடம் அதிகம் பேசவில்லை. தெருவில் ஒவ்வொரு வீடாக நான்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன், இன்னும் ஆறு வீடு பாக்கி.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். இதைப் படித்தபின் என்னோடு பேச மனம் வரவில்லை என்றால் வருகிறபோது பேசு, நான் காத்திருக்கிறேன். காத்துக்காரரோடு மட்டும் இன்றைக்கே பேசிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா