என் முதலாளிக்கு நாலு கால்

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா கத்தாமலே மாத்திரை போடுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் வீட்டுக்கார அம்மா போன மாதம் தவறிவிட்டார். பயப்படாதீர்கள், என் வேலை போகவில்லை. தன் நாய் உயிரோடு இருக்கும்வரை வீடும் பணமும் அதற்கே என்று உயில் எழுதியிருக்கிறார். யார் கூப்பிட்டால் அது வருகிறதோ, அவர்தான் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டுமாம். வக்கீல் முன்னால் அந்தம்மாவின் தம்பி மகன் பிஸ்கட்டை நீட்டி நீட்டிக் கூப்பிட்டார். சோபாவுக்கு அடியிலிருந்து அது அசையவே இல்லை. நான், "டேய் தங்கம், இங்க வாடா" என்றேன். ஓடி வந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டது. வக்கீலே எழுந்து எனக்குக் கை கொடுத்தார், அப்பா!

"போயும் போயும் நாய் குளிப்பாட்டவா போற?" என்று கேட்டீர்களே. இனி யார் விசாரித்தாலும் ஆபீஸ் வேலை என்று மழுப்பாமல், நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுங்கள்.

முதலாளி கதவைப் பிறாண்டுகிறார், வெளியே கூட்டிப்போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நீங்கள் எழுந்து போய்விடாதீர்கள். பாஷை தெரியாத இந்த ஊரில் நான் பேசும் தமிழ் புரிகிற ஒரே ஆள் இந்த முதலாளிதான். பதில்தான் பேசமாட்டார்.

உங்கள் மகள்